வெள்ளைப்படுதல்: மறைக்க வேண்டிய நோயன்று

கிராம நலனைப் பற்றிப் பேசும்போது சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவற்றை நாம் மறப்பதில்லை. ஆனால் நம் இல்லத்துப் பெண்மக்கள் வெளியே சொல்லக் கூசி, ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் வெள்ளைப்படுதலைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேச்செழுவதில்லை.

எமது வட்டாரத்து விவசாயக் குடும்பத் தாய் ஒருவர், அரிப்பும் வெள்ளைப்படுதலும் தாங்காமல் கடையில் மாத்திரை வாங்கி உண்டுவந்தார். குணமாகும், சில வாரங்களில் மீண்டும் தோன்றும். உடற்சூடு என்றே வீட்டார் எண்ணினர். இறுதியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்தபோது அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் அத்தொல்லையும் நீங்கியது.

நிறமின்றியோ வெண்மையாகவோ, நாற்றமும் அரிப்புமின்றிச் சிறிது கசிவது இயற்கையே. நிறம், மணம், அளவு ஆகியவை மாறினால் கவனிக்க வேண்டும். காரணங்கள் பெரும்பாலும் மூன்று:

1. கான்டிடா என்னும் பூஞ்சை. திரிந்த பால் போன்ற வெண்கசிவும் கடும் அரிப்பும் உண்டாகும்.

2. இயல்பாக உள்ள நன்மை செய்யும் பாக்டீரியா குறைந்து, பிற பெருகுதல். சாம்பல் நிற நீர்த்த கசிவும் மீன் வாடையும் தோன்றும்.

3. ட்ரைக்கோமோனாஸ் என்னும் நுண்ணுயிர். கசிவு மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்திருக்கும். இது உடலுறவால் பரவுவது. கணவருக்கு அறிகுறி ஏதும் தோன்றாதிருக்கலாம். எனினும் அவரும் மருந்துண்ணாவிடில் நோய் திரும்பும்.

இவற்றிற்கு மருந்து வேறு வேறு. கண்ணால் மட்டும் பிரித்தறிதல் எளிதன்று. ஆகவே சோதனை அவசியம். பூஞ்சை நோய் ஓராண்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தால் இரத்தத்தில் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். கர்ப்பமும், ஆன்டிபயாடிக் மருந்துகளை உண்பதும் பூஞ்சைக்கு இடந்தரும். கர்ப்பிணிகள் அதனை மருத்துவரிடம் முதலிலேயே கூறுதல் வேண்டும்; சில மாத்திரைகள் அவர்களுக்கு ஆகா. சோப்பு, கிருமிநாசினி கொண்டு உட்புறம் கழுவுவது நோயை வளர்க்கும்.

அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவுக்குப் பின்னரோ மாதவிடாய் நின்ற பின்னரோ இரத்தக்கசிவு ஆகியவை இருப்பின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கருப்பைவாய்ப் புற்றுநோயும் இவ்வாறு தோன்றக்கூடும்.

ஊராட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ள இக்காலத்தில், பெண் உறுப்பினர்கள் கிராம சுகாதாரச் செவிலியரை மகளிர் குழுக் கூட்டத்திற்கு அழைத்து இதனை விளக்கச் செய்யலாம். பெண்கள் கழிப்பிடங்களில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கின்றனவா என்று உறுப்பினர் அனைவரும் பார்க்க வேண்டும். விவசாயப் பெருமக்களே, மாட்டிற்கு நோயென்றால் அன்றே மருத்துவரை நாடுகிறோம். மனைவிக்கு நோயென்றால் உடன் செல்லத் தயங்கலாமா?