முதல் ஜாம்பிக்கு வண்ணம் தீட்டப்போகும் உனக்கு

1. கண்ணா, பெட்டியை மொத்தமாக மேசையில் கொட்டாதே. 2012இல் வந்த 'ஜாம்பிசைட்' பலகை விளையாட்டின் குட்டிப் பொம்மைகளில் உயிரோடு இருப்பவர்கள் 6 பேர், ஜாம்பிகள் 65. ஆசை அறுபது நாள் என்பார்கள். இந்தக் கூட்டத்துக்கு அது பற்றாது. ஐந்தைந்தாக எடு. எடுத்த ஐந்தும் முழுசாக முடிந்தபிறகே அடுத்த ஐந்து. என் நண்பர் ஒருவர் அத்தனைக்கும் ஒரே மூச்சில் தோல் நிறம் அடித்தார். சட்டைக்கு வந்து சேரவே இல்லை, பெட்டியை விற்றுவிட்டார்.

2. அச்சில் விழுந்த கோடுகளைக் கத்தியின் முதுகால் மெல்லச் சுரண்டு. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவை. ஈரக்காற்று வீசும் மழை நாளில் ஸ்ப்ரே ப்ரைமரைத் தொடாதே, மேற்பரப்பு சொரசொரத்துப்போகும். வெயில் வரட்டும்.

3. ஜாம்பியைத் தீட்டுமுன் மனிதரைத் தீட்டு. எனக்குத் தெரிந்து இந்தக் கலையின் பாதி இதுதான். கழுத்தில் டை தொங்கினால் அவர் ஆபீசுக்குக் கிளம்பியவர். ஒரு காலில் மட்டும் ஷூ இருந்தால் மற்றக் காலின் சாக்ஸுக்கு ஒரு காலத்தில் ஒரு நிறம் இருந்தது. ஜார்ஜ் ரொமேரோவின் 1978ஆம் ஆண்டுப் படமான 'டான் ஆஃப் தி டெட்'டில் ஷாப்பிங் மாலுக்குள் அலைபவர்களைப் பார்: நர்ஸ் உண்டு, ஹரே கிருஷ்ணா பக்தர்கூட உண்டு. உடையே அவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறது. அதனால் முதலில் சட்டைக்கு நல்ல நீலமோ மஞ்சளோ கொடு. அழுக்கைப் பிறகு ஏற்று. எடுத்த எடுப்பிலேயே சேற்று நிறம் அடித்தால் கூட்டம் முழுக்க ஒரே ஆளாகிவிடும்.

4. தோல் பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. 'டான் ஆஃப் தி டெட்'டுக்கு ஒப்பனை செய்த டாம் சவினி சாம்பல் நிறம்தான் பூசினார். திரையில் பல இடங்களில் அது நீலமாகத் தெரிந்தது. நீ எலும்பு நிறத்தில் துளி பச்சையும் சாம்பலும் கலந்து, நீர்மோர் பதத்தில் இரண்டு கோட் கொடு. மேலே பழுப்பு வாஷ் (பள்ளங்களில் தங்கும் நீர்த்த வண்ணம்). கண்குழிக்கும் உதட்டுக்கும் கொஞ்சம் ஊதா. வாஷ் பாதி காய்ந்திருக்கும்போது 'சரிசெய்கிறேன்' என்று பிரஷை வைக்காதே. வட்டம் வட்டமாகக் கறை நிற்கும். எழுந்து போய் ஒரு காபி குடி. பொறுமை இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் ஒரே மருந்து அதுதான்.

5. ரத்தத்தில் கை நீளவே கூடாது. 1968இல் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' கறுப்பு வெள்ளைப் படம். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப் போதுமாக இருந்தது. பயம் குறைந்ததா என்ன? வாய், விரல் நுனி, ஒரு காயம். அங்கே மட்டும் போதும். இந்த ரத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உனக்குப் பதில் தெரிய வேண்டும். டாமியா கிளியர் ரெட்டில் பொட்டு அளவு கரும்பழுப்பு கலந்தால் உறைந்த ரத்தமாகும். மேட் வார்னிஷ் அடித்தபிறகு வை, பளபளப்பு நிற்கும். பழைய பிரஷையே எடு, ஜன்னலைத் திறந்து வை.

6. பேஸை ஒப்புக்குச் செய்யாதே. இரண்டரை சென்டிமீட்டர் வட்டம்தான், ஆனாலும் அவர் நிற்கிற தரை அது. ஃபெவிகால் தடவி, சலித்துக் கழுவிய மணலைத் தூவு. காய்ந்ததும் அடர்சாம்பல் அடித்து, வெளிர்சாம்பலை ட்ரை பிரஷ் செய்தால் (பிரஷைத் துடைத்துவிட்டு மிச்ச வண்ணத்தை லேசாகத் தேய்த்தால்) தார் ரோடு. உடைந்த கான்கிரீட்டுக்குக் கார்க்கைப் பிய்த்து ஒட்டு. குப்பைக்குக் காய்ந்த டீத்தூள் போதும். எல்லா ஜாம்பிக்கும் ஒரே தரை இருக்கட்டும். ஆளுக்கொரு ஊர் வேண்டாம். விளிம்பு கறுப்பாகச் சுத்தமாக இருந்தால் உள்ளே உள்ள சின்னப் பிசிறுகளை யாரும் பார்க்கமாட்டார்கள் (இது கொஞ்சம் ஏமாற்றுதான், தெரிந்தே சொல்கிறேன்).

7. போனில் பார்க்கும் பெரிய கைகளோடு உன் வேலையை ஒப்பிடாதே. அவர்கள் ஒரு முகத்துக்குச் செலவிடும் நேரத்தில் நீ ஒரு தெருவையே நிரப்ப வேண்டியிருக்கிறது. விளையாட வருபவர்கள் தலையைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். முகம் சுளிக்காதே, விளையாடத்தானே செய்தாய்! மூக்கில் பெயின்ட் உதிர்ந்தால் என்ன, ஜாம்பிதானே, ஞாயிற்றுக்கிழமை தொட்டுக்கொள்ளலாம்.