ஜாக்சன் சொல்லாத வாக்கியமும் போட்ட கையெழுத்தும்

அமெரிக்காவின் ஏழாவது ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் 1829 முதல் 1837 வரை எட்டு ஆண்டுகள் பதவியில் இருந்தார். அவர் இறந்து நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் அவரைப் பற்றிய சண்டை அங்கே ஓயவில்லை. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். ஒரு கதையில் அவர் ஏழைப் பங்காளன். இன்னொன்றில் சட்டத்தை மிதித்த முரடன். இந்தக் கதைகளின் சத்தத்தில், ஏட்டில் தெளிவாகப் பதிவாகியிருக்கும் அவரது செயல்கள் காதில் விழாமல் போகின்றன.

நம்பிக்கை: சாமானியனுக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தவர் ஜாக்சன்.

யாருக்கு ஓட்டு உண்டு என்பதை அன்று முடிவு செய்தவை மாநிலங்கள். வெர்மான்ட் 1791-லும் கென்டக்கி 1792-லும் ஒன்றியத்தில் சேர்ந்தபோதே, ஓட்டுப் போடச் சொத்து வேண்டும் என்ற நிபந்தனை அங்கே கிடையாது. பழைய மாநிலங்களும் ஒவ்வொன்றாக அந்த நிபந்தனையைக் கைவிட்டு வந்தன. இதெல்லாம் ஜாக்சன் பதவிக்கு வருவதற்கு முன்பே நடந்தவை. 1824 தேர்தலில் தேர்வாளர் ஓட்டில் அவர் 99, ஜான் குவின்சி ஆடம்ஸ் 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. சபை ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது. அவருக்குக் கைகொடுத்த ஹென்றி கிளே வெளியுறவு அமைச்சரானார். இது திரைமறைவு பேரம் என்று ஜாக்சனின் ஆட்கள் நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சொன்னார்கள். முந்தைய தேர்தலில் கால்வாசி அளவுக்கே இருந்த வாக்குப்பதிவு 1828-ல் பாதியைத் தாண்டியது. விரிந்துகொண்டிருந்த வாக்குரிமை ஜாக்சனைத் தூக்கிவிட்டது என்பதே சரி.

அந்தச் 'சாமானியன்' யார் என்பதையும் கேட்டாக வேண்டும். வெள்ளையருக்குச் சொத்து நிபந்தனையைத் தளர்த்திய அதே நியூயார்க் அரசியலமைப்பு மாநாடு, 1821-ல், கறுப்பின ஆண்களிடம் மட்டும் 250 டாலர் சொத்து கேட்டது. பென்சில்வேனியா 1838-ல் அவர்களுடைய ஓட்டையே பறித்தது. ஜாக்சனும் அப்போது சாமானியராக இல்லை. தகப்பன் முகம் பாராமல் பிறந்து, பதினான்கு வயதில் தாயையும் இழந்தவர் என்பது மெய். பிறகு வழக்கறிஞர், நீதிபதி, நிலத்தரகர், ராணுவத் தளபதி என்று வளர்ந்தார். நாஷ்வில் அருகே அவருடைய பருத்திப் பண்ணை இருந்தது. 1845-ல் இறந்தபோது சுமார் 150 மனிதர்கள் அவரிடம் அடிமைகளாக இருந்தார்கள்.

நம்பிக்கை: 'மார்ஷல் தீர்ப்பு சொல்லிவிட்டார், அவரே வந்து அமல்படுத்தட்டும்' என்று உச்ச நீதிமன்றத்தை ஜாக்சன் எள்ளினார்.

ஜாக்சனைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் வாக்கியம் இது. ஆனால் அவர் இதைச் சொன்னதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. 1864-ல் பத்திரிகையாளர் ஹொரேஸ் கிரீலி வெளியிட்ட புத்தகத்தின் வழியாகத்தான் இது பரவியது. தீர்ப்பு வந்து அப்போது 32 ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்தத் தீர்ப்பின் பின்னணி இது: செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் வசிக்கும் வெள்ளையர்கள் மாநில உரிமம் வாங்க வேண்டும் என்று ஜார்ஜியா சட்டம் போட்டது. சாமுவேல் வொர்செஸ்டர் என்ற கிறிஸ்தவ ஊழியர் மறுத்தார். நான்கு ஆண்டு கடுங்காவல் விதித்தார்கள். 1832 மார்ச் 3 அன்று, செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். அந்த உத்தரவு ஜார்ஜியாவின் நீதிமன்றத்துக்குத்தான் போனது. ஜனாதிபதி உடனே செய்யவேண்டியது என்று அதில் எதுவும் இல்லை. ஜாக்சனும் எதையும் செய்யவில்லை. இந்தத் தீர்ப்பு செத்துப் பிறந்த குழந்தை, ஜார்ஜியாவை இதனால் பணியவைக்க முடியாது என்ற பொருளில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு நவம்பரில், தென் கரோலினா கூட்டாட்சியின் சுங்க வரிச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்றபோது, அது தேசத்துரோகம் என்று டிசம்பரில் அறிக்கை விட்டு, பிறகு படை அனுப்பவும் காங்கிரஸிடம் அதிகாரம் கேட்டார். முரட்டு வாக்கியத்தைவிட இந்தப் பாரபட்சம்தான் கனமான குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரமும் இருக்கிறது.

நம்பிக்கை: பூர்வகுடிகளை வெளியேற்றியது கொடுமைதான், ஆனால் அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இந்த நம்பிக்கைதான் அதிகம் கெடுதல் செய்கிறது. பூர்வகுடிகளை மேற்கே அனுப்பும் வெளியேற்றச் சட்டம் 1830-ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியபோது ஆதரவு 102, எதிர்ப்பு 97. ஐந்தே ஓட்டு வித்தியாசம். செனட்டில் நியூஜெர்சியின் தியோடர் ஃப்ரீலிங்ஹைசன் மூன்று நாட்களில் ஆறு மணி நேரம் எதிர்த்துப் பேசினார். ஓட்டுரிமையே இல்லாத பெண்கள் ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டி மனு அனுப்பினார்கள். ஜாக்சனின் சொந்த மாநிலமான டென்னஸியைச் சேர்ந்த டேவி கிராக்கெட் எதிர்த்தார். அடுத்த தேர்தலில் தோற்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியேற்றப்பட இருந்தவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தானே. செக்கோயா உருவாக்கிய எழுத்தில் செரோக்கிகள் படித்தார்கள். 1827-ல் தங்களுக்கென்று அரசியலமைப்பு எழுதினார்கள். 1828 முதல் இரண்டு மொழிகளில் செய்தித்தாள் நடத்தினார்கள். அவர்களைக் கணக்கில் சேர்த்த பிறகு 'எல்லோரும்' என்று சொல்ல வாய் வராது. 1830 மே 28 அன்று ஜாக்சன் மசோதாவில் கையெழுத்திட்டார்.

'கண்ணீர்ப் பாதை' நடந்தபோது அவர் பதவியில் இல்லை என்றும் ஒரு வாதம் உண்டு. தேதி சரிதான். சுமார் 16,000 செரோக்கிகள் 1838-39-ல் மேற்கே விரட்டப்பட்டு, அதில் ஏறக்குறைய 4,000 பேர் மடிந்தது அடுத்த ஜனாதிபதி வான் பியூரன் காலத்தில். ஆனால் அந்த விரட்டலுக்கு ஆதாரமான நியூ எக்கோட்டா ஒப்பந்தம் 1835 டிசம்பரில் ஜாக்சன் ஆட்சியில் எழுதப்பட்டது. செரோக்கிகளின் முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் அதில் கையெழுத்திடவில்லை. ஒரு சிறு குழுவினர் இட்டார்கள். தேவையான மூன்றில் இரண்டு பங்கை ஒரே ஓட்டில் தாண்டி செனட் அதை ஏற்றது.

சாக்டா என்ற இன்னொரு பூர்வகுடி மக்களை அதற்கு முன்பே, 1831 குளிர்காலத்தில், அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். மெம்ஃபிஸ் துறையில் அதை நேரில் பார்த்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் தொக்வில். ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்தன. காயம்பட்டவர்கள், பிறந்த குழந்தைகள், சாகக் கிடந்த முதியவர்கள் எல்லோரும் படகேறினார்கள், யாரும் அழவில்லை. கரையில் விடப்பட்ட நாய்கள் எஜமானர்கள் திரும்பப் போவதில்லை என்று புரிந்ததும் ஊளையிட்டு, மிசிசிப்பியின் உறைநீரில் குதித்துப் படகின் பின்னால் நீந்தின என்று அவர் எழுதிவைத்தார்.

நம்பிக்கை: நாட்டின் கடனை முழுதும் அடைத்த ஒரே ஜனாதிபதி.

மெய்தான். 1835 ஜனவரியில் அமெரிக்க அரசுக்குக் கடன் இல்லை. சுங்க வரியோடு, அரசு நிலங்களை விற்ற பணமும் கஜானாவை நிரப்பியது. அந்த நிலங்கள் பூர்வகுடிகளிடமிருந்து வந்தவை. நில விற்பனை சூதாட்டமாக மாறியதும், 1836-ல், இனி நிலத்துக்குத் தங்கமும் வெள்ளியும்தான் செல்லும் என்று ஜாக்சன் உத்தரவிட்டார். ஏற்கெனவே மத்திய வங்கியோடு சண்டையிட்டு, அரசுப் பணத்தை எடுத்து மாநில வங்கிகளில் போட்டிருந்தார். 1837-ல் வங்கிகள் சரிந்தன. இந்த இரண்டும் அதற்கு எவ்வளவு காரணம் என்பதில் பொருளாதார வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கடன் மட்டும் திரும்பி வந்தது.

இன்றைய அமெரிக்க அரசியலில் அவருடைய சாயல் பல இடங்களில் தெரிகிறது. முந்தைய ஆறு ஜனாதிபதிகளும் சேர்ந்து பயன்படுத்தியதைவிட அதிகமாக, 12 முறை, வீட்டோவைப் பயன்படுத்தி, மக்களின் நேரடிப் பிரதிநிதி நான் என்று காங்கிரஸை எதிர்த்து நின்றவர் அவர். 2017-ல் டிரம்ப் அவருடைய படத்தைத் தன் அலுவலகத்தில் மாட்டினார். ஜாக்சன் பெயரில் ஆண்டு விருந்து நடத்திவந்த ஜனநாயகக் கட்சியினர் பல மாநிலங்களில் அந்தப் பெயரை நீக்கினார்கள்.

சட்டத்தில் மிஞ்சியிருப்பது இன்னும் முக்கியமானது. நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு, பிரதிநிதிகள் சபையில் செரோக்கிகளுக்கு ஒரு பிரதிநிதி இருக்கலாம் என்கிறது. 2019-ல் செரோக்கி தேசம் அதற்கு ஒருவரை நியமித்தது. 2022 நவம்பரில் சபைக் குழு ஒன்று விசாரணையும் நடத்தியது. நிலத்தை எடுத்துக்கொள்வதற்கு அந்த ஒப்பந்தம் மூன்றே ஆண்டுகளில் செயலுக்கு வந்தது. அதே தாளில் எழுதிய இந்தப் பிரிவின் மீது சபை இன்னும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.