தலையால் பந்து முட்டலாமா?

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் கடைகளில் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் போயா லீவு கிடைத்தால் பந்தடிக்கிறார்கள். "தலையால கோல் போட்டேன்" என்பதில் தனிப் பெருமை!

இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஆஸ்டில் தலையால் முட்டுவதில் பெயர்போனவர். 2002இல், 59 வயதில் மூளை பாதித்து இறந்தார். பந்தைத் திரும்பத் திரும்ப முட்டியதால் வந்த தொழில்நோய் என்று மரண விசாரணையில் தீர்ப்பானது. கொழுந்துக்கூடை சுமந்து கழுத்து நோகும் நமக்கு இது விளங்கும்.

2015இல் அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 10 வயதுவரையான பிள்ளைகளுக்கு இதைத் தடைசெய்தது. இங்கேயும் சிறுவருக்குத் தடை வேண்டும் என்பதே எமது கருத்து. வளர்ந்தவர்கள் மேட்சில் முட்டட்டும், பயிற்சியில் குறைக்கட்டும்.

தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "மேட்ச் முடியட்டும்" என்று நிற்காதீர்கள்.