கண்டதை வரைக!

தாவரமாயினும் விலங்காயினும், உயிருள்ளவை யாவும் உயிரணுக்களால் ஆனவை. இவ்வுண்மையை இடைநிலைப்பள்ளி மாணவர் நுண்ணோக்கியின் துணையால் நேரே கண்டறியலாம். இக்கருவியைப் பயன்படுத்தும் முறையைத் தோட்டப்புற மாணவர்கள் முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பது பெரிதும் நலம் பயக்கும்.

முதலில், வெங்காயச் செதிலின் உட்புறத்திலுள்ள மெல்லிய தோலைச் சிறு துண்டாக உரித்தெடுக்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் மீது ஒரு சொட்டு நீர் விட்டு, அதில் தோலை மடிப்பின்றி விரித்து, ஒரு சொட்டு அயோடின் கரைசலைச் சேர்க்க வேண்டும். மூடுவில்லையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மெதுவாக இறக்குதல் வேண்டும். நேராக வைத்தால் காற்றுக் குமிழிகள் தங்கிவிடும். கறுத்த விளிம்புடன் வட்டமாகத் தோன்றும் அக்குமிழிகளை உயிரணுக்கள் என மயங்குவோர் பலர்.

எப்பொழுதும் குறைந்த உருப்பெருக்கத்திலிருந்தே தொடங்குக. கண்ணருகு வில்லை 10 மடங்கும் பொருளருகு வில்லை 4 மடங்கும் பெருக்கிக் காட்டுமாயின், மொத்தப் பெருக்கம் 40 மடங்காகும். பெரிய திருகால் உருவத்தைக் கண்டபின், உயர்ந்த வில்லைக்கு மாற்றிச் சிறிய திருகை மட்டுமே பயன்படுத்துக. இல்லையேல் வில்லை தகட்டில் மோதிச் சேதமடையக்கூடும்.

இப்பொழுது, செங்கற்களை அடுக்கினாற்போன்ற உயிரணுக்களும், அவற்றின் சுவர்களும், அயோடினால் பழுப்பேறிய உட்கருவும் தெரியும். பாடநூலின் தாவர உயிரணுப் படத்தில் பச்சைய மணிகள் இருக்கும். வெங்காயத் தோலிலோ அவை இரா. மண்ணுக்குள் வளரும் அப்பகுதி ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பதில்லை. ஆகவே நூலைப் பார்த்துப் பச்சைய மணிகளை வரைந்தவர், தாம் காணாததை வரைந்தவராவார்.

கண்டதை மட்டுமே நம்பும் இப்பழக்கம் எத்துணைப் பெரியது என்பதற்குப் பினாங்கு மண்ணின் மைந்தர் டாக்டர் வூ லியென் தே சான்றாவார். 1879இல் பிறந்த அவர், பினாங்கு பிரீ பள்ளியில் பயின்று, உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்றார். 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, சீன அரசு அவரை அங்கு அனுப்பியது. இந்நோய் எலிகளின் தெள்ளுப்பூச்சிகளாலேயே பரவும் என்பது அன்றைய மருத்துவர்களின் பொதுக் கருத்து.

டாக்டர் வூ, நோயால் இறந்த ஒருவரின் உறுப்புகளிலிருந்து எடுத்த மாதிரிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, கொள்ளைநோய்க் கிருமிகளைக் கண்டார். நோய் நுரையீரலைத் தாக்கி, இருமல் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது எனத் தெளிந்து, துணியாலான முகக்கவசம் அணியுமாறு வலியுறுத்தினார். அதனை ஏற்காது நோயாளிகளைப் பார்வையிட்ட பிரெஞ்சு மருத்துவர் மெனி, சில நாட்களில் அந்நோய்க்கே பலியானார். ஏறத்தாழ 60,000 உயிர்களைக் குடித்த அக்கொள்ளைநோய் 1911இல் அடங்கியது. டாக்டர் வூ 1960இல் பினாங்கில் காலமானார்.

மாணவர்களே! வகுப்பில் நுண்ணோக்கி ஒன்றே இருப்பினும், உங்கள் முறை வரும்போது விரைந்து விலகிவிடாதீர்கள். நின்று நோக்குங்கள், கண்டதைக் கூரிய பென்சிலால் வரைந்து, பாகங்களைக் குறித்து, உருப்பெருக்க அளவையும் எழுதுங்கள். பெற்றோர்களே! பிள்ளைகள் வரைந்த படத்தைக் காட்டச் சொல்லி, "இதில் நீ கண்டது எது?" என்று கேளுங்கள். அக்கேள்வி அவர்களின் அறிவை வளர்க்கும்.