மறுநாள் பேப்பரைப் படியுங்கள், அண்ணாச்சி

கேள்வி: விசைத்தறிக் கூடம் நடத்தி ஓய்ந்தவன் நான், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். காலையில் டீக்கடையில் இரண்டு பேப்பர், ராத்திரி வீட்டில் டிவி விவாதம். ஒரே கூட்டத்தை ஒரு சானல் மனிதக்கடல் என்கிறது, அடுத்த சானல் காலி நாற்காலிகளைக் காட்டுகிறது. கட்சிக்காரர்களோ நேற்று வாய்க்கு வந்தபடி திட்டியவருக்கே இன்று பொன்னாடை போர்த்துகிறார்கள். மகள் மெல்போர்னில் இருக்கிறாள். அங்கேயும் இதே கதைதான், பெரும்பாலான பேப்பர்கள் ஒரே முதலாளி கையில் இருக்கின்றன, பிரதமரைச் சொந்தக் கட்சிக்காரர்களே கவிழ்க்கிறார்கள் என்கிறாள். நடுநிலையான பேப்பர் ஒன்று சொல்லுங்கள். இல்லையென்றால் பேப்பரை நிறுத்திவிட்டு நோட்டாவுக்குப் போட்டுவிடலாமா? பொய்ச் செய்தி போட்டால் எங்கே புகார் செய்வது?
- ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: நடுநிலையான பேப்பர் எதுவென்று என்னால் சொல்ல முடியாது, அண்ணாச்சி. அப்படி ஒன்றைத் தேடுவதும் வீண் வேலை. ஆனால் நீங்கள் பேப்பரை நிறுத்த வேண்டாம். ராத்திரி விவாதத்தை வேண்டுமானால் இன்றைக்கே நிறுத்துங்கள், உடம்புக்கும் நல்லது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு உங்கள் ஊரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

2012 மார்ச் 18-ம் தேதி சங்கரன்கோவிலில் இடைத்தேர்தல். அமைச்சராக இருந்த சொ. கருப்பசாமி காலமானதால் வந்தது. 1996-ல் அதிமுக மாநிலம் முழுக்கத் துடைத்தெறியப்பட்டு நாலே இடத்தில் ஜெயித்தபோது, அந்த நாலில் ஒன்றை வாங்கிக் கொடுத்தவர் அவர். அப்பேர்ப்பட்ட தொகுதியை விடக்கூடாதென்று அமைச்சர்கள் கூட்டம் கூட்டமாக உங்கள் ஊரில் வந்து தங்கினார்கள். பிரியாணிக்குப் பேர்போன ஊர் வேறு. அந்த மாதம் எத்தனை அண்டா இறங்கியதோ, உங்களுக்குத்தான் தெரியும். அன்றைக்கு ஊரில் பெரிய பேச்சு மின்வெட்டு. தறி ஓடினால்தான் கூலி என்கிற ஊரில் நாளுக்கு எட்டு மணி நேரம் கரண்ட் இல்லை. கூடங்குளம் அணு உலையைத் திறப்பதா வேண்டாமா என்கிற கேள்வியும் மாவட்டம் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. மக்கள் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்தி வையுங்கள் என்று 2011 செப்டம்பர் 22-ல் மாநில அமைச்சரவையே தீர்மானம் போட்டிருந்தது. அடுத்த மாதம் உள்ளாட்சித் தேர்தல் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுப்பதிவு 18-ம் தேதி சாயங்காலம் முடிந்தது. 19-ம் தேதி அமைச்சரவை கூடி, கூடங்குளத்தைத் திறக்கலாம் என்று முடிவெடுத்தது. போராட்டம் நடந்துகொண்டிருந்த இடிந்தகரையைச் சுற்றிப் போலீஸ் குவிந்தது. ஓட்டு எண்ணிக்கை 21-ம் தேதி. வாக்கு இயந்திரங்கள் அதுவரை சீல் உடையாமல் இருந்தன. மார்ச் 30-ல் மின்கட்டண உயர்வு அறிவிப்பு வந்தது.

இதில் பொய்ச் செய்தி எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. அமைச்சர்கள் வீதி வீதியாகப் போனது உண்மை, கூட்டம் வந்தது உண்மை, அதை எல்லாப் பேப்பரும் போட்டதும் உண்மை. ஆனால் கூடங்குளம் பற்றி ஆராய அரசு அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை வாக்குப்பதிவுக்கு முன்பே கோட்டைக்குப் போய்விட்டது. "18-ம் தேதிக்கு முன்னால் முடிவைச் சொல்வீர்களா, பின்னாலா?" என்பதுதான் பிரசார மேடை ஒவ்வொன்றிலும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்பது கட்சிச் சாய்வு ஆகாது, வெறும் தொழில். காலி நாற்காலிக்கும் மனிதக்கடலுக்கும் நடுவில் தொலைந்துபோவது இந்த மாதிரிக் கேள்விகள்தான்.

இது ஒரு கட்சியின் பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். 2021 நவம்பரிலிருந்து அசையாமல் நின்ற பெட்ரோல் விலை, உத்தரப்பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் முடிவு 2022 மார்ச் 10-ல் வந்த பிறகு, 22-ம் தேதியிலிருந்து மறுபடி ஏறத் தொடங்கியது. டெல்லியானாலும் கோட்டையானாலும் காலண்டரை ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள்.

இனி சாய்வு விஷயம். தமிழ்நாட்டில் பத்திரிகையும் கட்சியும் ஒட்டிப் பிறந்தவை. 'விடுதலை', 'முரசொலி', 'ஜனசக்தி', 'தீக்கதிர்' எல்லாம் எந்தக் கட்சி, எந்த இயக்கம் என்று ஊருக்கே தெரியும். முரசொலியில் திமுக புராணம் வருவதைப் பார்த்து யாரும் ஏமாந்ததில்லை. 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனாரே கட்சி நடத்தியவர், சட்டமன்ற சபாநாயகராக இருந்தவர், அமைச்சராகவும் இருந்தவர். சிக்கல், டிவி வந்த பிறகு வேறு மாதிரி ஆனது. கட்சிக் கொடி இல்லாமல், பொழுதுபோக்குக்கு நடுவே செய்தி வந்தது.

2007 மே 9-ல் மதுரை 'தினகரன்' அலுவலகத்தில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. கருணாநிதிக்குப் பிறகு யார் என்று ஒரு கருத்துக்கணிப்பு வெளியானது, அலுவலகம் எரிந்தது, மூன்று ஊழியர்கள் செத்தார்கள். அதன் பிறகு கருணாநிதி ஒரு பக்கம், பேப்பரை நடத்திய உறவினர்கள் ஒரு பக்கம் என்று குடும்பம் இரண்டுபட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கலைஞர் டிவி வந்தது, அரசு கேபிள் நிறுவனமும் வந்தது. குடும்பம் மறுபடி சேர்ந்ததும் அரசு கேபிளின் வேகம் குறைந்தது; 2011-ல் ஆட்சி மாறியதும் அதற்கு மறுபடி உயிர் வந்தது. ஜெயா டிவி சசிகலா குடும்பத்தின் கையில் நின்றுவிட, 2018-ல் அதிமுகவுக்கு நியூஸ் ஜெ தேவைப்பட்டது. 'புதிய தலைமுறை'யின் பின்னால் இருக்கும் எஸ்.ஆர்.எம். குழுமத்தின் பாரிவேந்தர், 2019-ல் பெரம்பலூரில் உதயசூரியன் சின்னத்தில் ஜெயித்தார், 2024-ல் அதே தொகுதியில் தாமரைச் சின்னத்தில் நின்று தோற்றார். அதனால் அங்கே வேலை பார்க்கும் நிருபர்கள் எல்லாம் மோசம் என்று சொல்லவரவில்லை. நல்ல நிருபர்களை அங்கேயும் பார்த்திருக்கிறேன். முதலாளி யார் பக்கம் நிற்கிறார் என்பதை அறிந்துகொண்டு பாருங்கள் என்கிறேன்.

முதலாளியை மட்டும் குறை சொன்னால் பாதிக் கதைதான். உங்கள் ஊர்ச் செய்தியை அனுப்பும் பகுதிநேர நிருபரை எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வரும் செய்திக்கு ஏதோ சில்லறை. உண்மையான வருமானம் விளம்பரக் கமிஷன். தலைவர் பிறந்தநாள் என்றால் ஒன்றியச் செயலாளரிடமும் கவுன்சிலரிடமும் கால் பக்கம், அரைப் பக்கம் என்று வாங்கி அனுப்ப வேண்டும். இன்று விளம்பரம் கொடுத்தவரைப் பற்றி நாளை சாக்கடை காண்டிராக்ட் ஊழல் எழுது என்றால் எப்படி எழுதுவார்? பேட்டி முடிந்ததும் கையில் வைக்கும் கவர் தனி. வாங்காதவர்களும் இருக்கிறார்கள், அடுத்த பேட்டிக்கு அவர்களுக்குத் தகவல் வராது. மேலே தலைமை அலுவலகத்தில் இதே சங்கதி அரசு விளம்பரம் என்கிற பெரிய உருவத்தில் நடக்கிறது. மீறினால் வழக்கு. ஜெயலலிதாவின் 2011-16 ஆட்சிக்காலத்தில் அவதூறு வழக்குகள் 200-ஐத் தாண்டின என்ற கணக்கு 2016-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 1987-ல் ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியன் சிறைக்குப் போனார். 2025-ல் ஒரு கார்ட்டூனுக்காக விகடனின் இணையதளத்தையே மத்திய அரசு முடக்கியது.

பேப்பரின் மதிப்பு எங்கே போய் நின்றது என்பதற்கு இன்னொரு சம்பவம். 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல். ஓட்டுக்கான பணத்தைக் கவரில் போட்டு, காலைப் பேப்பருக்குள் செருகி வீடு வீடாகப் போட்டார்கள் என்று அமெரிக்கத் தூதரகத் தகவல் ஒன்று சொன்னது; விக்கிலீக்ஸ் வழியாக அது 2011-ல் 'தி இந்து'வில் வெளியானது. அன்று காலை அந்தப் பேப்பரில் என்ன செய்தி வந்திருந்தது என்று யாராவது படித்திருப்பார்களா?

இனி, நான் விவாதத்தை நிறுத்தச் சொன்னது ஏன் என்று சொல்கிறேன். ஒரு நெறியாளர், நாலு நாற்காலி இருந்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். சங்கரன்கோவிலுக்கு ஒரு நிருபரை அனுப்பி, இரண்டு நாள் தங்கவைத்து, நகராட்சித் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டச் சொன்னால் செலவு, விளைவும் நிச்சயமில்லை. மலிவானதைத் தினமும் சமைக்கிறார்கள். அங்கே ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிறவர்களை நம்பி நீங்கள் ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொள்ள வேண்டாம். 2025 ஜூலையில் உங்கள் நகராட்சியில் என்ன நடந்தது? திமுகவைச் சேர்ந்த நகராட்சித் தலைவருக்கு எதிராகக் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் திமுக கவுன்சிலர்களும் அதிமுக கவுன்சிலர்களும் கைகோத்து வாக்களித்து அவரை இறக்கினார்கள். சண்டை டிவிக்கு, சமரசம் மன்றத்துக்கு. எந்த வார்டுக்கு எந்த வேலை, யாருக்கு காண்டிராக்ட் என்பதை அந்த மன்றம்தான் தீர்மானிக்கிறது.

நேற்று திட்டியவருக்கே இன்று பொன்னாடை போர்த்துவது பற்றிச் சொல்லியிருந்தீர்கள். 2012-ல் உங்கள் தொகுதியில் மதிமுகவுக்காக நின்று மூன்றாவதாக வந்த சதன் திருமலைக்குமார், 2021-ல் பக்கத்து வாசுதேவநல்லூரில் உதயசூரியன் சின்னத்தில் ஜெயித்தார். திமுகவிலிருந்து பிரிந்து பிறந்த கட்சி மதிமுக. கலிங்கப்பட்டிக்காரர் வைகோவின் கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு இதில் பெரிய கோபம் கிடையாது. கூட்டணி என்பது கணக்கு, கணக்கு மாறும். மாறும்போது பழைய கேள்விகள் என்ன ஆயின என்று யாரும் கேட்காமல் விடுவதில்தான் எனக்குக் கோபம்.

நோட்டா? 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்த பொத்தான் அது. சட்டசபைத் தேர்தலில் நோட்டாவே முதலிடம் வந்தாலும், அடுத்து வந்த வேட்பாளர்தான் ஜெயித்தவர். கோபத்தைப் பதிவு செய்யலாம், அவ்வளவுதான். மகள் ஊரில் வேறு முறை: வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுவார்கள். கடைசியில் வருகிறவரை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணுவார்கள். 1918-லிருந்து அப்படித்தான், 1924-லிருந்து ஓட்டுப் போடுவதும் கட்டாயம். சின்னக் கட்சிக்குப் போட்டால் ஓட்டு வீண் என்ற பயம் அங்கே குறைவு. நல்ல ஏற்பாடுதான், நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் 2012 கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதிமுகவின் முத்துசெல்விக்கு 94,977. திமுக 26,220, மதிமுக 20,678, தேமுதிக 12,144. மூன்றையும் கூட்டினாலும் 59,042. எந்த முறையில் எண்ணினாலும் அவர்தான். மகள் ஊரில் அந்த முறை இருந்தும் 2010, 2013, 2015, 2018 என்று நாலு தடவை பிரதமரைச் சொந்தக் கட்சியே வீட்டுக்கு அனுப்பியது. ரூபர்ட் மர்டாக்கின் பத்திரிகை ஆதிக்கத்தை விசாரிக்கக் கோரி, முன்னாள் பிரதமர் கெவின் ரட் 2020-ல் தொடங்கிய மனுவில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். மகள் சொல்வது சரிதான்.

அப்புறம் என்ன படிப்பது? ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு பேப்பர் போதும். டீக்கடையில் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கும். தலைப்பை விட்டுவிட்டு, செய்திக்குள் அரசாணை எண், தேதி, தொகை, ஒப்பந்ததாரர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத செய்தி பேச்சு, இருக்கிற செய்தி தகவல். பெரிய பணத்தில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்: தேர்தல் பத்திரங்களில் பாஜகவுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல், திமுகவே கொடுத்த கணக்குப்படி அதற்கு வந்த 656.5 கோடியில் 509 கோடி லாட்டரி மார்ட்டினின் நிறுவனத்திடமிருந்து. இந்த இரண்டு எண்ணையும் ஒரே மூச்சில் சொல்கிற இடம் எது, ஒன்றை மட்டும் சொல்கிற இடம் எது என்று பார்த்தால் உங்களுக்கே ஆள் அடையாளம் தெரிந்துவிடும். வேட்பாளரின் சொத்தும் வழக்குகளும் அவரே கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் இருக்கின்றன; தேர்தல் ஆணைய இணையதளத்தில் மகனை எடுத்துத் தரச் சொல்லுங்கள். தேர்தல் முடிந்த மறுநாளிலிருந்து இரண்டு வாரத்துப் பேப்பரைக் கட்டாயம் படியுங்கள். பிரசாரத்தின்போது சொல்லாமல் வைத்ததெல்லாம் அப்போதுதான் வரும்.

புகாருக்கு வருகிறேன். பேப்பர் என்றால் இந்தியப் பத்திரிகைக் குழு, டெல்லி. அபராதமோ சிறையோ போட அதற்கு அதிகாரம் இல்லை, எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். பல பேப்பர்கள் அதை மதிப்பதும் இல்லை, ஆனாலும் பதிவாகும். டிவி என்றால் முதலில் அந்த சானலுக்கே எழுத வேண்டும். 2021 விதிப்படி 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவர்கள் சேர்ந்திருக்கும் ஒழுங்கு அமைப்புக்குப் போகலாம். தேர்தல் சமயத்தில் விளம்பரத்தைச் செய்தி வேஷத்தில் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றினால், தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் இயங்கும் ஊடகக் கண்காணிப்புக் குழுவிடம் கொடுங்கள். பணம் வாங்கிப் போட்ட செய்தி என்று முடிவானால் அந்தத் தொகை வேட்பாளர் செலவுக் கணக்கில் ஏறும். அவர்கள் உண்மையில் பயப்படுவது அதற்குத்தான். பத்திரிகைக் குழுவுக்குப் போகுமுன் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நாளிதழ் செய்தி என்றால் வெளியான இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். பேப்பர் தமிழ் என்பதால் செய்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைக்கச் சொல்வார்கள். அதை மகளிடம் கேளுங்கள்.