உரம் விழுந்ததா, வலிப்பா? உங்க கைப்பேசியில் வீடியோ எடுங்க!

நாலைந்து மாதக் குழந்தை திடீர் திடீரென்று உடம்பைக் குறுக்கி அழுதால், "உரம் விழுந்திருக்கும்", "வயித்து வலியா இருக்கும்" என்று வீட்டில் பெரியவங்க சொல்வாங்க. பல நேரம் அது சாதாரண அழுகையாகவே இருக்கலாம். ஆனால் சில குழந்தைகளுக்கு அது வலிப்பு நோய். இதற்கு வெஸ்ட் சிண்ட்ரோம் என்று பெயர். 1841-ல் டாக்டர் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், தன் சொந்த மகனுக்கு வந்ததைப் பார்த்து இதை முதலில் எழுதினார்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் 3 முதல் 12 மாதத்துக்குள் வரும். தலை முன்னால் கவிழும், கை கால் விறைக்கும். ஓரிரு விநாடிதான் இருக்கும். ஆனால் சில விநாடி இடைவெளியில் வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். தூங்கி எழுந்தவுடன் அதிகம். காய்ச்சல் இருக்காது. சத்தம் கேட்டு ஒரு தடவை திடுக்கிடுவது வேறு, இது வேறு. சிரித்த குழந்தை சிரிப்பதை விட்டாலோ, முகம் பார்ப்பதை விட்டாலோ கூடுதல் கவனம் தேவை.

மருந்து உண்டா?

உண்டு. இளைப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையே இதற்கும் முக்கியமான மருந்து. பக்கத்து நாடான இலங்கையில் 97 குழந்தைகளிடம் இந்த மாத்திரையையும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசியையும் ஒப்பிட்டார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி, இரண்டு வாரத்தில் ஊசியைவிட மாத்திரை சாப்பிட்ட குழந்தைகளில்தான் அதிகம் பேருக்குக் குணம் தெரிந்தது. 2004-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் இரண்டும் ஏறக்குறைய சமம். எது கொடுத்தாலும், தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம்.

நீங்க செய்ய வேண்டியது

• துடிப்பு வரும்போது முகமும் கை காலும் தெரிய வீடியோ எடுங்க. டாக்டர் முன்னால் குழந்தை துடிக்காமல் இருக்கலாம், வீடியோ காட்டிக்கொடுக்கும்.

• எத்தனை மணிக்கு, எத்தனை தடவை வந்தது என்று குறித்துக்கொள்ளுங்க.

• அன்றைக்கே பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ போங்க. மூளை மின்பதிவுப் பரிசோதனைக்கு டாக்டர் வழி சொல்வார்.

• ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.

கவனம்!

ஸ்டீராய்டை மருந்துக்கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீங்க. ரத்த அழுத்தம், சர்க்கரை கூடலாம், நோய்த்தொற்று எளிதில் வரலாம். துடிப்பு நின்றுவிட்டது என்று மாத்திரையைச் சட்டென நிறுத்தவும் கூடாது, டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். தடுப்பூசி போடும் நாளில், மாத்திரை சாப்பிடுவதைச் செவிலியரிடம் மறக்காமல் சொல்லுங்க.

உரம் எடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் காத்திருக்காதீங்க. ஒரு நிமிட வீடியோ உங்க குழந்தையின் வருங்காலத்தைக் காப்பாற்றலாம்.