மாற்றுமுன் படித்துப் பார்

சிரஞ்சீவி குழந்தைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் நிறுவனத்தின் இணையதளத்துக்கு முன்னே நிற்கும் அமேசான் ஃபயர்வாலின் விதிகளைக் கன்சோலில் கையால் மாற்றிவந்த வழக்கத்தை விட்டு, இனிமேல் பைதான் நிரல் வாயிலாகவே மாற்றுவதென்று தீர்மானித்து, அந்தப் பொறுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மிக்க சந்தோஷம், அம்மா. கையால் செய்த காலத்தில் ஒவ்வொரு மாறுதலுக்கும் பல திரைகளைக் கடக்க வேண்டியிருந்தது. அதனால் யோசிப்பதற்கு அவகாசம் தானாகவே கிடைத்துவந்தது. ஒரே கட்டளையில் காரியம் முடிந்துவிடும்போது அந்த அவகாசம் இல்லாமற்போகிறது. ஆகையால், இழந்த நிதானத்தை நீயே நிரலுக்குள் எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் நான் உனக்குச் சொல்ல விரும்பும் பிரதானமான விஷயம்.

முதலாவதாக, நீ எழுதப்போகும், எழுத்துச் சரத்தை ஒப்பிடும் விதி பார்வைக்கு அற்பமாகத் தோன்றும். வந்த கோரிக்கையின் பாதை, வினவல் பகுதி, ஹெடர், உடல் ஆகியவற்றுள் எதைச் சோதிப்பது; தேடும் சரம் அதனோடு முழுமையாகப் பொருந்த வேண்டுமா, தொடக்கத்திலோ இறுதியிலோ நிற்க வேண்டுமா, எங்கேனும் இருந்தால் போதுமா, தனிச் சொல்லாகவே இருக்க வேண்டுமா; ஒப்பிடுமுன் எழுத்துக்களைச் சிறிய எழுத்துக்களாக மாற்றுவதா, யூஆர்எல் குறியீட்டை அவிழ்ப்பதா என்னும் மூன்று கேள்விகளுக்கும் நீ அளிக்கும் விடைகளின் சேர்க்கையே விதி. இம்மூன்றும் ஒன்றோடொன்று இசையாவிட்டால் விதி இருந்தும் இல்லாததே ஆகும். உதாரணமாக, வருவதையெல்லாம் சிறிய எழுத்தாக்கும்படி பணித்துவிட்டு, தேடும் சரத்தில் ஒரு பெரிய எழுத்தை விட்டுவைத்தாயானால், அந்த விதி எந்தக் காலத்திலும் பொருந்தாது. அவ்வாறே, அமேசானின் எஸ்டிகே என்னும் நிரல் தொகுப்பு, தேடும் சரத்தைத் தானே பேஸ்64 குறியீட்டுக்கு மாற்றி அனுப்பும் என்பதை அறியாமல் நீயும் ஒருமுறை மாற்றிக் கொடுத்தால், ஃபயர்வால் அந்தக் குறியீட்டையே தேடிக்கொண்டிருக்கும். உண்மையான தாக்குதல் தடையின்றி உள்ளே போகும். இவ்விரண்டு பிழைகளுக்கும் எச்சரிக்கை ஏதும் வருவதில்லை. எனவே, விதியை ஏற்றியவுடன், அது பிடிக்க வேண்டிய கோரிக்கை ஒன்றை நிரலே அனுப்பி, விதி பொருந்துகிறதா என்று பார்த்தல் அவசியம்.

இரண்டாவதாக, 'திருத்து' என்ற கட்டளையின் சுபாவத்தை நன்றாகப் புரிந்துகொள். 2015இல் வெளிவந்த அந்த ஃபயர்வாலின் முதற் பதிப்பில், சரங்களின் தொகுப்பிலிருந்து பழையதை நீக்கு, புதியதைச் சேர் என்று இரண்டு செயல்களாகவே சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாறுதலுக்கும் ஒருமுறை மாத்திரமே செல்லும் டோக்கன் ஒன்றை முன்கூட்டிப் பெற வேண்டியிருந்தது. 2019 நவம்பரில் வந்த புதிய பதிப்பிலோ, நீ அனுப்பும் விதிப் பட்டியல் ஏற்கெனவே இருக்கும் பட்டியலை முழுவதுமாக மாற்றீடு செய்துவிடும். புதிய விதி ஒன்றை மாத்திரம் அனுப்பினால், உனக்கு முன்னிருந்தவர்கள் ஆராய்ந்து அமைத்த ஏனைய விதிகள் அனைத்தும் அழிந்துபோகும். ஆதலால் முதலில் உள்ளதைப் படி. படித்ததன்மேல் உன் மாறுதலைச் செய். முழுவதையும் திருப்பி அனுப்பு. படிக்கும்போது கிடைக்கும் லாக் டோக்கனை அனுப்பும்போது ஒப்படைக்க வேண்டும் என்ற நியதி, இடையில் வேறொருவர் செய்த மாறுதலை நீ அறியாமல் அழித்துவிடாதிருக்கவே ஏற்பட்டது. டோக்கன் பழையதாகிவிட்டதென்று ஃபயர்வால் மறுத்தால், புதிய டோக்கனை வாங்கி அதே பட்டியலை மீண்டும் திணிக்கும்படி நிரலை எழுதாதே. மறுபடியும் முதலிலிருந்து படித்து, அந்த இன்னொருவர் செய்ததையும் சேர்த்துக்கொண்டே மேற்செல்லும்படி எழுது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. ஃபயர்வால் சரத்தைப் பார்க்குமேயன்றி மனிதனின் எண்ணத்தைப் பார்ப்பதில்லை. எஸ்க்யூஎல் தாக்குதலை நிறுத்தும் நோக்கத்துடன் 'யூனியன்' என்ற ஆங்கிலச் சொல் வந்தாலே தடு என்று எழுதிவிட்டால், தொழிற்சங்கத்தைப் பற்றித் தகவல் தேடும் தொழிலாளியும் திருப்பி அனுப்பப்படுவான். தடுக்கப்பட்ட திருடன் வேறு வழி தேடுவான். தடுக்கப்பட்ட நிரபராதியோ காரணம் புரியாமல், யாரிடம் முறையிடுவதென்றும் அறியாமல் போய்விடுவான். ஆகவே எந்தப் புதிய விதியையும் முதலில் தடுக்கும் விதியாக ஏற்றாதே. எண்ணிக்கை மாத்திரம் எடுக்கும் கவுண்ட் நிலையில் வைத்து, அதில் சிக்கிய கோரிக்கைகளின் மாதிரிகளையும் நிகழ்வுப் பதிவுகளையும் நீயே கண்ணால் வாசித்து, சிக்கியவர் எத்தகையோர் என்று தெளிந்த பின்பே தடுப்பு நிலைக்கு மாற்று.

கவுண்ட் நிலையில் வைத்துவிட்டோமே என்று அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. 2019 ஜூலை 2ஆம் தேதி கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தன் ஃபயர்வாலுக்கு ஒரு புதிய விதியை, தடுக்காமல் பரீட்சித்துப் பார்க்கும் நிலையில்தான், உலகெங்கும் ஒரே சமயத்தில் ஏற்றியது. அதிலிருந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்று சர்வர்களின் சிபியூ முழுவதையும் விழுங்கிவிட, அந்நிறுவனத்தை நம்பியிருந்த எண்ணற்ற தளங்கள் 27 நிமிஷம் செயலிழந்து நின்றன. நடந்ததை ஒளிக்காமல் அந்நிறுவனமே விரிவாக வெளியிட்டது போற்றத்தக்கது. நீ எழுதும் நேரடிச் சர ஒப்பீட்டில் அந்த ரெகுலர் எக்ஸ்பிரஷனின் அபாயம் இல்லைதான். ஆயினும் எந்த விதியையும் முதலில் பரீட்சைத் தளத்திலும், பிறகு ஒரு சிறு பகுதியிலும், கடைசியாகவே எங்கும் ஏற்ற வேண்டும் என்பதும், முந்திய பட்டியலுக்கு உடனே திரும்பும் மார்க்கம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்பதும் எல்லாருக்கும் பொதுவான பாடம்.

கடைசியாக ஒன்று. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்னும் நூலகத்தில் பெருங்குறை ஒன்று வெளிப்பட்டபோது, டாலர் குறியும் நெளிவடைப்பும் 'ஜேஎன்டிஐ' என்ற எழுத்துக்களும் சேர்ந்த சரத்தைத் தடுக்கும் விதிகளைப் பலரும் அவசரமாக ஏற்றினார்கள்; தாக்குவோரோ சீக்கிரமே அச்சரத்தைத் துண்டு துண்டாக்கி, நூலகம் மாத்திரம் ஒன்றுசேர்த்துப் படிக்கும்படி மாற்றி அனுப்பத் தொடங்கினார்கள். அந்த விதிகள் பயனற்றவை அல்ல. நூலகத்தைப் புதுப்பிப்பதற்கு வேண்டிய அவகாசத்தை அவை ஈட்டித் தந்தன. அந்த அவகாசத்தைத் தருவதே சர விதியின் தர்மம். நிரந்தரப் பரிகாரம் செயலியின் உள்ளேதான் இருக்கிறது. ஆகையால் ஒவ்வொரு விதியோடும், அது எக்குறைக்காக ஏற்றப்பட்டது, அக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு யாருடையது, எப்போது இதை நீக்கலாம் என்பவற்றையும் உன் நிரலிலேயே எழுதிவை. நாளைக்கு உன் இடத்துக்கு வருபவர் அந்த விதியை அஞ்சாமல் நீக்கவும் தயங்காமல் காக்கவும் அந்தக் குறிப்பே ஆதாரமாகும். உன் வேலையை மெச்சுவதற்கு எத்தனை பேரைத் தடுத்தாய் என்ற கணக்கைக் கேட்பார்கள். தவறாக ஒருவரையும் தடுக்கவில்லை என்ற கணக்கை நீயாகவே வைத்துக்கொள்.

இங்ஙனம்,
உன் க்ஷேமத்தையே விரும்பும்
சித்தப்பா